பித்தளைக் குழாய் பொறுக்கிய அக்கா

துப்பாக்கி சுடும் மைதானத்துக்குள் நுழைவதற்கு முன் அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்கு வந்தவரைப்போல இருக்கிறதே என்று முதல் நாள் நாங்கள் சிரித்தோம். கழற்றிய செருப்பை வேலிக்கல்லின் ஓரமாகக் கவிழ்த்து வைப்பார். கொண்டை ஊசிகள் இரண்டையும் உருவிச் செருப்புக்கு அடியில் தள்ளுவார். பிறகு வேலிக்கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தொடுவார். அதற்கப்புறம்தான் உள்ளே கால் வைப்பார்.

"அக்கா, இங்கன என்ன மருந்து ரூமா இருக்கு?" என்று என் கூட்டாளி முருகேசன் கேட்டான்.

"ஒங்க துப்பாக்கிக்குள்ள என்ன வச்சிருக்கீக? இட்லி மாவா?" என்றார்.

அவர் வருடத்தில் பதினோரு மாதம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் அதைப் பயர் ஆபீஸ் என்பார்கள். அங்கே வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வெறுங்காலோடு போக வேண்டும். உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். தீபாவளி முடிந்ததும் கம்பெனியை மூடிவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி நடக்கும். ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு கரட்டின் அடிவாரம். குன்றுதான் குண்டுகளைத் தாங்கும் சுவர். தரையைக் கூட்டவும், சுட்டபின் தெறிக்கும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கவும் நாலு நாள் கூலிக்கு இந்த அக்காவைக் கூப்பிடுவார்கள். நான் படித்த மூன்று வருடமும் அவர்தான் வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். உள்ளங்கை ரேகைகளும் நகக்கண்களும் வெள்ளிபோல மினுங்கும். அலுமினியப் பொடி ஏறிய கை; எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என் அம்மாவின் தங்கைக்கும் அதே கைதான், அதனால் எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவர் பெயர் கூலித்தாளில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்கவில்லை. 'கூட்டுற அக்கா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த வேலையின் கண்டிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை தோட்டா வாங்குகிறோமோ அத்தனை காலிக் கூடுகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலே அறிக்கை போகும். அடுத்த வருடம் கல்லூரிக்குத் தோட்டா கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்தக் கூடோ சுண்டுவிரலின் பாதி நீளம்கூட இல்லாத பித்தளைத் துண்டு. குப்புறப் படுத்துச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தால் வலது பக்கமாகத் துள்ளி எங்கேயாவது போய் விழும். மழை பெய்த தரை என்றால் பூட்ஸ் மிதித்து உள்ளே புதைந்துவிடும். அக்கா வருவதற்கு முந்திய வருடங்களில் பையன்கள் பொழுது சாயும்வரை முட்டிபோட்டுத் தேடுவார்களாம். சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அக்கா அதைக் கூடு என்றோ கேஸ் என்றோ சொல்ல மாட்டார். குழாய் என்பார். கம்பெனியில் காகிதக் குழாய்க்குள் மருந்து அடைப்பதுதானே வழக்கம், இது பித்தளைக் குழாய், அவ்வளவுதான். "கீழ கெடக்கிறது சும்மா கெடக்காது தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. அதை மிரட்டலாகச் சொல்ல மாட்டார். பால் வைத்தால் பொங்கும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்.

முதல் வருடம் அவர் கொண்டுவந்தது சாக்கு. நாலு அரிசிச் சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுடுகிறவனின் வலது பக்கம் விரித்தார். உலர்ந்த தரையில் விழுந்தால் கூடு இரண்டு மூன்று தடவை துள்ளும். ஈரச்சாக்கில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இதுவும் பயர் ஆபீஸ் வழக்கம்தான். அங்கே மருந்து சிந்தினால் ஈரச்சாக்கு. எங்கள் பொறுப்பு அதிகாரி கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர். சீருடை போட்டால் கேப்டன். அவர் அந்தச் சாக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது யாருக்கும் இத்தனை நாள் தோணலையே" என்றார்.

அன்று மத்தியானமே அதே கேப்டன் சார் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஒருவன் விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை. அப்படி வெடிக்காததைத் தனியாக எடுத்துவைத்து எழுதி அனுப்ப வேண்டும். அவன் அதைக் கழற்றிச் சாக்கில் வைத்ததுதான் தாமதம், அக்கா ஓடிவந்து அள்ளித் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். கூடவே பக்கத்தில் கிடந்த நாற்பது ஐம்பது காலிக் கூடுகளையும் கொட்டிவிட்டார்.

"ஏம்மா! என்ன காரியம் பண்ற நீ?"

"வெடிக்காததைத் தண்ணியில போடாம வேற எதுல சார் போடுவாக?"

 கேப்டன் சார் தன் துண்டை விரித்து, கூடுகளை ஒவ்வொன்றாக வெயிலில் காயவைத்தார். அந்தத் தப்பை அங்கே வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பயர் ஆபீஸில் அதைத்தான் சரி என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எண்ணுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. காகிதக் குழாய்களை எண்ணிக் கொண்டிருந்தால் கம்பெனியில் வேலை ஓடாது. ஒரு வளையத்துக்குள் குழாய்களை நிற்கவைத்து நெருக்கி அடுக்குவார்கள். வளையம் நிறைந்தால் கணக்குச் சரி. அக்கா இரண்டாம் நாளே ஒரு தகர டப்பாவின் விளிம்பை வெட்டி, நூறு கூடு நிற்கிற அளவுக்கு வளைத்துக் கொண்டுவந்துவிட்டார். தொண்ணூற்றொன்பது இருந்தால் வளையத்துக்குள் எல்லாம் லேசாக ஆடும். நூறாவதைச் செருகியதும் இறுகிப்போய் அசையாமல் நிற்கும். நாங்கள் சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தோம். ஒரு தடவைகூட அந்த வளையம் பொய் சொல்லவில்லை. கடைசியில் கேப்டன் சாரும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, வளையத்தை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

இரண்டாம் வருடம் அக்காவுக்குச் சாக்கு போதவில்லை. சாக்கில் விழாமல் தாண்டிப் போகிறவையும் இருந்தன. ஒரு பழைய சைக்கிள் ரிம்மில் கிழிந்த கொசுவலையைப் பைபோலத் தைத்து, மூங்கில் குச்சியில் கட்டி, சுடுகிறவனின் தோளுக்கு நேராக நட்டுவைத்தார். பார்க்க மீன் பிடிக்கிற வலைபோல இருந்தது.

"அக்கா, கெண்டையா கெளுத்தியா?" என்று வரிசையில் படுத்துக்கொண்டே முருகேசன் கத்தினான்.

"மொதல்ல அந்த அட்டையில ஒரு ஓட்டையப் போடுங்க தம்பி. நேத்துப் பூராவும் கரட்டத்தான் சுட்டீக."

காலை முழுக்க வலை நன்றாகத்தான் வேலை செய்தது. மத்தியானம் காற்று எழும்பியது. ரிம் சுழன்று முகம் திரும்பிக்கொண்டது தெரியாமல் முருகேசன் போல்ட்டை இழுத்தான். சூடான கூடு ரிம்மில் பட்டுத் திரும்பி அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவன் துப்பாக்கியோடு எழுந்து குதித்தான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தரையில் விழுந்தார்கள். துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. கேப்டன் சார் ரிம்மைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார்.

 மறுநாள் அக்கா பனையோலைக் கொட்டான்களோடு வந்தார். வாய் அகன்ற கூடைபோன்ற கொட்டான்; அதைச் சாக்கின் கடைசி ஓரத்தில் சாய்த்து வைத்தார். தாண்டிப் போகிற கூடு ஓலையில் பட்டு 'டொக்'கென்று உள்ளே விழும். காற்று அடித்தால் கொட்டான் உருளாமலிருக்க அடியில் ஒரு கல். அன்றைக்குத் தரையில் கிடந்தவை ஏழோ எட்டோதான்.

அந்த வருடம் நானும் ஒரு கருவி கொண்டுபோனேன். ரேடியோ ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கிய ஸ்பீக்கர் காந்தம். அதைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தால் கூடுகள் ஒட்டிக்கொண்டு வரும் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு லாட ஆணி, ஒரு சோடா மூடி, துரு அரித்த கம்பித்துண்டு இரண்டு வந்தன. கூடு ஒன்றுகூட வரவில்லை.

"தம்பி என்ன படிக்கீக?"

"இயற்பியல்க்கா."

"பித்தளை காந்தத்துல ஒட்டாதுன்னு எங்க கம்பெனில காயிதம் ஒட்டுற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, முகம் சுருங்கிய என்னைப் பார்த்து, "ஆணி கெடைச்சுச்சுல்ல, அதும் நல்லதுதான். யாரு காலையாச்சும் குத்தியிருக்கும்" என்றார். அந்த ஆணியைக் கையோடு வாங்கிப்போய்க் கொண்டை ஊசிகளோடு செருப்புக்கு அடியில் வைத்தார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. தரையில் எது கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஒருவன் வேர்க்கடலை தின்றுகொண்டே நடந்தான். அக்கா அவன் பின்னாலேயே போய் ஒவ்வொரு தோலாக எடுத்தார்.  திரும்பிப் பார்த்தவன் கூச்சத்தில் மிச்சக் கடலையைத் தோலோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும். அக்கா மட்டும் முறத்தில் மண்ணை அள்ளிப் புடைத்துக்கொண்டிருப்பார். தூசி பறந்து, கல்லும் கூடும் முறத்தின் அடியில் நிற்கும். வளையம் நிறைந்த பிறகும் புடைப்பார். "எல்லாம் கெடைச்சிருச்சேக்கா, இன்னும் என்னத்த?" என்றால், "கெடைச்சது தெரியும். வேற எதுவும் கெடக்கலன்னு தெரிய வேண்டாமா?" என்பார். டிரைவர் ஆரன் அடிப்பார். பசியில் பையன்கள் முணுமுணுப்பார்கள். எனக்கே சில நேரம் அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். இவ்வளவு வேண்டுமா என்று தோன்றும்.

அவரைப் பற்றிக் கதைகள் உலவின. அவர் கம்பெனியில் பெரிய வெடி விபத்து நடந்தது, கூடப் பிறந்த தங்கை அதில் போய்விட்டாள், இவர் கூட்டாமல் விட்ட மருந்தால்தான் அது நடந்தது, அதிலிருந்து இப்படி ஆகிவிட்டார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படிக் கதை சொல்வதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் உண்மையாகவே அது நடந்திருக்கும். நானும் அதை நம்பினேன். இரண்டாம் வருடக் கடைசி நாள், சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ஒங்க கம்பெனில எப்ப நடந்துச்சு?"

"என்னது?"

"இல்ல... விபத்து."

அவர் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "யாரு தம்பி சொன்னா? எங்க கம்பெனில ஒண்ணுமே நடக்கல. நான் சேந்து பதினாறு வருசம் ஆச்சு. ஒரு பொறி பறந்ததில்ல."

"அப்புறம் ஏன்க்கா இப்படிக் கூட்டுறீங்க?"

"இப்படிக் கூட்டுறதுனாலதான் நடக்கல." தூக்குச்சட்டியை மூடினார். "நடந்த கம்பெனிக்குக் கார் போட்டுக்கிட்டு வாராக, போட்டோ எடுக்காக. நடக்காத கம்பெனில யாரு கூட்டுனதுன்னு எவனாச்சும் கேட்டிருக்கானா?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது கழுத்து நிமிர்ந்திருந்தது. தான் கூட்டிய இடம் சுத்தமாக இருக்கும் என்பது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றிப் பெருமையாக வைத்திருந்தது என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது மூன்றாம் வருடம்.

அதைச் சொல்வதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பயர் ஆபீஸில் குழாய்க்கு மருந்து அடைக்கிறவர். மாணவர் படைச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்று யாரோ சொல்ல, அவர்தான் என்னைச் சேரச் சொன்னார். மூன்றாம் வருடப் பயிற்சிக்குக் கிளம்பும்போது அப்பா கேட்டார்: "ஏலே, நாங்க காயிதக் கொழாய்க்குள்ள மருந்தப் போட்டு மண்ணால அடைக்கோம். அவன் பித்தளைக்குள்ள எப்படி அடைக்கான்? அடியில திரி இல்லாம எப்படிப் பத்துது? காலியா ஒண்ணு கெடச்சாக் கொண்டா. பாத்துட்டுத் தாரேன்."

அப்பா என்னிடம் எதையும் கேட்டவரில்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுடைய வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறார். எனக்கு அது சரியாகவே பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் என் முறை வந்தது. ஐந்து குண்டு சுட்டேன். எழுந்திருக்கும்போது ஈரச்சாக்கில் கிடந்த ஒரு கூட்டை விரலிடுக்கில் எடுத்து, பூட்ஸ் கட்டுவதுபோலக் குனிந்து, சாக்ஸுக்குள் விட்டேன். இன்னும் சூடு இருந்தது.

சாயங்காலம் கடைசி வளையத்தை அக்கா விரலால் தொட்டார். அது ஆடியது.

"சார், ஒண்ணு கொறையுது."

கேப்டன் சார் எண்ணினார். தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினார். பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் தோளோடு தோள் உரச நடக்கச் சொன்னார். நாற்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு போனோம், வந்தோம். அக்கா தண்ணீர் தெளித்து, விளக்குமாறால் கோடு கோடாகக் கூட்டிக்கொண்டே வந்தார். கூட்டிய மண்ணை எல்லாம் சல்லடையில் சலித்தார், சலித்ததை முறத்தில் புடைத்தார். ஒரு இடத்தை முடித்தால் அதற்குப் பின் அங்கே யாரையும் மிதிக்கவிடவில்லை. "அங்கன முடிஞ்சிருச்சு, அங்கன கால வைக்காதீக" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது, நாலாவது சுடுமிடங்களுக்கு நடுவே இருந்த தரையை அவர் இரண்டு தடவை கூட்டியதை நான் பார்த்தேன். அவர் கண் சிவந்திருந்தது. அவர் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். என் கணுக்கால் எலும்பை அந்தக் கூடு அழுத்திக்கொண்டே இருந்தது.

கேப்டன் சார் விசில் ஊதினார். "இன்னும் பத்து நிமிஷம். அதுக்குள்ள கெடைக்கலைன்னா எல்லாரும் பூட்ஸைக் கழட்டணும். எவன்கிட்ட இருக்கோ அவனுக்கு சர்டிபிகேட் கிடையாது. படையிலயும் இருக்க முடியாது."

 பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்து கூட்டை எடுத்தேன். மற்றவர்கள் வேலிப் பக்கம் போயிருந்தார்கள். கிட்டே இருந்தது அந்த மூன்றாவது, நாலாவது இடங்களின் நடுத்தரைதான். இரண்டு எட்டு உள்ளே வைத்து, போட்டுவிட்டு, பின்வாங்கி நின்றேன்.

அக்கா திரும்பி வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். ஈரத்தரையில் விளக்குமாற்றுக் கோடுகள் நேராக ஓடின. அவற்றின் மேல் இரண்டு பூட்ஸ் தடம். நடுவில் கூடு கிடந்தது. மற்றதெல்லாம் புகைக்கரியும் மண்ணும் அப்பியிருக்க, இது சாக்ஸில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அவர் கூட்டைப் பார்த்தார். ஐந்தடி தள்ளி நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளங்கையால் அந்த இரண்டு தடங்களையும் அழித்தார். கூட்டை எடுத்து மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டினார். அதன்பிறகுதான் கூப்பிட்டார்.

"சார்! கெடைச்சிருச்சு."

கேப்டன் சார் ஓடிவந்தார். "எங்க இருந்துச்சு?"

"இந்தா, இங்கனதான். நான் கவனிக்காம விட்டுட்டேன்."

"இங்கயா? இந்த இடத்தைத்தானே ரெண்டு தடவை கூட்டின? எங்களை மிதிக்கவே விடலையே?"

"ஆமா சார். சரியாக் கூட்டல போல."

பின்னாலிருந்து ஒருவன், "ஊருக்கெல்லாம் நாட்டாமை பண்ணிட்டு, அக்கா கண்ணுக்கே தெரியலையாம்லே" என்றான். வேர்க்கடலைக்காரன் கைதட்டினான். பசியில் இருந்தவர்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. கூட்டை வளையத்துக்குள் செருகினார். அது இறுகி நின்றது.

"ஒன்றரை மணி நேரம் எல்லாரையும் நிக்க வச்சுட்ட" என்றார் கேப்டன் சார். "நாளைக்கு நீ வர வேண்டாம்மா. பசங்களே பாத்துக்குவாங்க."

"சரி சார்" என்றார். சாக்குகளை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு அந்தக் கூட்டைக் கடைசிவரை காட்ட முடியவில்லை. பிறகு ஒருநாள் நோட்டில் படம் வரைந்து காட்டினேன். அடி விளிம்பை வெளியே மடித்து, அந்த மடிப்புக்குள் நசுங்கினால் பற்றும் மருந்து வைத்திருப்பார்கள், ஊசி வந்து இடித்ததும் தீப்பிடிக்கும் என்று எழுதிப் புரியவைத்தேன். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரப் பயதான்" என்றார், முகம் தெரியாத அந்தத் தொழிலாளியை. சான்றிதழ் என்ன ஆயிற்று என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னேன்.  அவர், "அந்தக் கூட்டுற பிள்ளை எந்தக் கம்பெனி?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். அக்காவை வர வேண்டாம் என்ற மறுநாள் காலை, லாரி கிளம்புவதற்கு முன், கேப்டன் சார் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"சார், அந்தக் கூடு தரையில கெடக்கல. என் சாக்ஸ்ல இருந்துச்சு. பயந்துபோய் நான்தான் அங்க போட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சர்டிபிகேட் லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. நேத்தோட முடிஞ்சுபோன விஷயம். இப்ப ஏண்டா சொல்ற?"

"அந்த அக்கா சரியாத்தான் சார் கூட்டுனாங்க."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீ போட்டது?"

"தெரியும் சார்."

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். என் பெயரின் மேல் கோடு போட்டார்.  என்னைத் திட்டவில்லை. லாரி டிரைவரிடம், "போற வழியில அந்தம்மா ஊருக்குள்ள நிறுத்து" என்றார்.

அக்கா வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் சாரே இறங்கிப் போய்க் கூப்பிட்டார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

மைதானத்தில் இறங்கியதும் கேப்டன் சார் எங்களை வரிசையில் நிறுத்திவிட்டு அவரிடம் சொன்னார்: "பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நேத்து ஏம்மா பொய் சொன்ன?"

"பிள்ளை வெளிறிப்போயி நின்னுச்சு சார்" என்றார் அக்கா. "பூட்ஸக் கழட்டச் சொன்னா அங்கனயே விழுந்திருக்கும்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை லாரியிலேயே அடுக்கிவைத்திருந்தேன். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் தம்பி" என்று கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க அதப் போடுறதுக்கு முந்தி, நான் கூட்டுன எடம் எப்படி இருந்துச்சு? அத மட்டும் சார்ட்ட சொல்லுங்க."

"சுத்தமா இருந்துச்சு சார்" என்றேன்.

"என்ன கெடந்துச்சு அங்கன?"

"ஒண்ணும் கெடக்கலக்கா."

"எனக்குத் தெரியும். அந்தா நிக்காகளே, அவுகளுக்குக் கேக்கலயே."

நான் வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அணிவகுப்பில் உத்தரவு கொடுக்கிற குரலில், கரடு எதிரொலிக்கும்படி கத்தினேன்: "அக்கா கூட்டின இடத்துல ஒண்ணுமே கெடக்கல!"

அப்போதுதான் அவர் சிரித்தார்.